மூன்றாவது மாடி அம்மா

கம்பெனியில் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் போலீஸ்காரி என்று கூப்பிடுவார்கள். சில பேர் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். எனக்கு அதில் கோபமில்லை. ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற தொழிற்சாலையில், தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஆமாம் இல்லை என்று சொல்வதுதான் என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும்போது அந்தப் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா வர முடியும்? மண்ணூரில் எங்கள் தெருவில் பால்காரர்கூட என்னிடம் கொஞ்சம் அளந்துதான் பேசுவார்.

பிறவியிலேயே நான் அப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். இல்லை. அது எப்போது வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம், கம்பெனி கேட்டுக்கு எதிரில் ஒரு வேனை நிறுத்தி, வன்னியில் தவிக்கிற நம் ஜனங்களுக்குத் துணிமணி கொடுங்கள் என்று மைக்கில் கேட்டார்கள். கேட்டவன் அழுதான். நாங்களும் அழுதோம். தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்கள், இருந்த நல்ல சுடிதாரைக் கொடுத்துவிட்டுப் பழசைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். நான் ஒரு தடவைகூடக் கட்டாத மாம்பழக் கலர் புடவையைக் கொடுத்தேன். நானே ஃபால்ஸ் தைத்தது.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்குப் போனால், அடிவாரத்து பிளாட்பாரக் கடையில் அந்தப் புடவை தொங்குகிறது. என் தையல் எனக்குத் தெரியாதா? ஃபால்ஸ் முடிகிற இடத்தில் நான் போடுகிற முடிச்சை வேறு யாரும் போட மாட்டார்கள். கடைக்காரனோடு சண்டை போட்டேன். அவன் யாரிடமோ மொத்தமாக வாங்கியவன், பாவம், முழிக்கிறான். முருகனைப் பார்க்காமலேயே இறங்கி வந்துவிட்டேன். அந்தத் துணிக்காகக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி காத்திருந்திருப்பாள் இல்லையா? அவளுக்கு அது போகவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அதற்குப் பிறகு யாராவது கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவி என்று வந்து நின்றால், முதலில் அவன் காலில் என்ன செருப்பு என்று பார்ப்பேன்.

ஐந்து வருஷம் கழித்து, எங்கள் கம்பெனிக்குத் துணி வெட்டுகிற புது மெஷின் ஒன்று வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க உக்ரைன் நாட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் சின்ன வயசு, எதற்கெடுத்தாலும் சிரிப்பார். இன்னொருத்தர் ஐம்பதை நெருங்கியவர், நெட்டை, சிரிக்கவே மாட்டார். கேன்டீனில் தயிர்சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அந்த ஒரு குணத்துக்காக எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்திருந்தது.

அவர்கள் நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. நம் பக்கத்துப் பையன்கள் டாக்டருக்குப் படிக்கப் போகிற இடம் என்று கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான். பக்கத்து நாட்டுப் படை உள்ளே புகுந்துவிட்டது, கிழக்குப் பக்கம் ஊர் ஊராகக் குண்டு விழுகிறது என்று டிவியில் அடியில் ஓடும். சீரியலுக்கு நேரமாகிவிட்டதென்று சேனலை மாற்றிவிடுவோம்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் லைன் லீடர் அந்த நெட்டைக்காரரை என் மேஜைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டுப் பென்னலூரில் தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். அவளுடைய இங்கிலீஷும் அவருடைய இங்கிலீஷும் இரண்டும் நொண்டி, அதனாலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

“அக்கா, இவருக்கு நம்ம ஸ்கிராப் கொஞ்சம் வேணுமாம்.”

எனக்கு உடனே மூக்கில் வியர்த்தது. எங்கள் ஏரியாவில் ஸ்கிராப் என்றால் அடிதடி வரைக்கும் போகும் விஷயம். கம்பெனி தூக்கிப் போடுகிற குப்பைக்குப் பின்னால் எத்தனை கார், எத்தனை கொடி என்று எனக்குத் தெரியும். இந்த ஆளுக்கும் அதில் கண் விழுந்துவிட்டதா?

“இன்னாத்துக்காம்?” என்றேன்.

“அவுக அம்மைக்குக்கா. அவங்க ஊர்ல குண்டு போடுதாங்கள்லா, எல்லாரும் கட்டடத்துக்கு அடியில இருக்க நெலவறைக்கு ஓடிருதாவளாம். இவுக அம்மை மூணாவது மாடி. நடக்க முடியாது. கரண்ட் இல்லாம லிஃப்ட்டும் ஓடல. தம்பிக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு போர்வைல வச்சுத் தூக்கிட்டு எறங்கிருக்காவ. படி திரும்புத எடத்துல போர்வை கிழிஞ்சு அம்மை வுழுந்துட்டாவ. இடுப்பு போச்சு. திரும்பவும் மேலயே கொண்டு போயிக் கெடத்தியாச்சு.”

“அப்புறம்?”

“இனிம எவன் தூக்கினாலும் வரமாட்டேன், இந்தக் கட்டில்லயே சாவுதேன்னு அடம்புடிக்காவளாம். தம்பிக்காரரு அம்மைய வுட்டுட்டு எறங்க மாட்டேங்காரு. குண்டு விழும்போதெல்லாம் ரெண்டு பேரும் மேலயே இருக்காவ.”

அவர் போனை நீட்டினார். ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். ஆள் படுக்கிற அளவுக்குத் தடிப்பான துணி, சுற்றிலும் நாடாவில் கைப்பிடி. கம்பி வைத்த ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் அந்தக் குறுகலான படிக்கட்டில் திரும்பாதாம். கம்பி இல்லாத துணி ஸ்ட்ரெச்சர் வேண்டுமாம். எங்களிடம் சீட்டுக்குப் போடுகிற தடித்த ரெக்ஸின் வெட்டுத் துண்டுகள் மலைமலையாகக் கிடக்கின்றன. சீட்டுக்கு அடியில் வருகிற பட்டை நாடாவும் கிடக்கிறது. தைக்கிற கைகளும் இருக்கின்றன.

“ஏன், அவுங்க ஊர்ல துணி இல்லியா? டெய்லர் இல்லியா?”

“கடையெல்லாம் சாத்திக் கெடக்காம்க்கா. இருக்கதெல்லாம் சண்டை நடக்க எடத்துக்குப் போயிருதாம்.”

“எத்தினி வேணுமாம்?”

அவள் கேட்டாள். அவர் சொன்னார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, “நம்மளால எவ்வளவு முடியுமோ அவ்வளவு” என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். “ஏன், அவருக்கு எத்தினி அம்மா?”

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று அவள் என்னை முறைத்தாள். நான் விடவில்லை. சொன்னாள். அவர் கோபப்படவில்லை. போனில் இன்னொரு படத்தைத் தேடி எடுத்தார். சாம்பல் கலரில் நீளமான ஓர் அடுக்குமாடிக் கட்டடம். விரலால் ஒவ்வொரு சன்னலாகத் தொட்டார். இங்கே ஒரு கிழவர். இங்கே கால் எடுத்த ஒருத்தர். இங்கே மாசமாக இருக்கிற பெண். இங்கே அம்மா. இன்னொரு கட்டடம். திரும்பவும் சன்னல் சன்னலாக விரல். லைன் லீடர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஊர்க் கட்டடமாகவும் இருக்கலாம். வேனில் மைக் பிடித்தவனும் போட்டோ காட்டத்தான் செய்தான்.

“அம்மாவ வீடியோ கால்ல காட்டச் சொல்லு. பாத்தாத்தான் நம்புவேன்” என்றேன். அவர் உடனே போட்டார். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கிடைக்கவில்லை. அடுத்த நாளும் போட்டார், கிடைக்கவில்லை. அங்கே கரண்ட் இல்லை என்று லைன் லீடர் அவருக்காகப் பரிந்து பேசினாள். கரண்ட் இல்லையோ, அம்மாவே இல்லையோ, யார் கண்டது?

ஆனால் லைனில் எல்லாரும் தைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளூரில் கூலி உயர்வு கேட்கவே பயப்படுகிறவர்கள், பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு நாட்டுக்காகக் கையைத் தூக்குகிறார்கள். ஒருத்தி மட்டும், “சண்டக்காரங்களுக்குப் போற சாமான்னு நம்மள உள்ள தள்ளிட்டா?” என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி என்று நான் சொன்னேன். லைன் லீடர் விடவில்லை. “அடிபட்டு மல்லாந்து கெடக்கவன் என்ன சண்டைக்கா போவான்? ஆளத் தூக்குததுக்குத்தானே கேக்காரு” என்றாள்.

நானும் சேர்ந்துகொண்டேன். நம்பி இல்லை, கண்காணிக்க. இந்தத் தடவை என் கையால் தைத்த சாமான் எந்தக் குன்றத்தூர் பிளாட்பாரத்திலும் தொங்கக் கூடாது.

ஹெச்.ஆர். மேனேஜரிடம் கேட்டோம். அவருக்கும் சந்தேகம். வெளிநாட்டுக்காரர், சண்டை, துணி, எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார். சிவப்புத் தொட்டியில் கிடக்கிற ஸ்கிராப் தவிர ஒரு சாமானைத் தொடக் கூடாது. ஸ்டோர்ஸிலிருந்து ஒரு இழை நூல்கூட வெளியே வரக் கூடாது.

ஸ்கிராப் ரெக்ஸின், ஸ்கிராப் நாடா, சரி. ஸ்கிராப் நூலுக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருந்தது. அந்த வருஷம்தான் எங்கள் ஹாலின் மூலையில் வலை போட்டு ஒரு தனி அறை கட்டியிருந்தார்கள். விபத்து நடந்தால் சீட்டின் பக்கவாட்டிலிருந்து காற்றுப் பை வெடித்து வருமே, அந்த மாதிரி சீட்டுக்கு உறை தைக்கிற இடம். உள்ளே போகத் தனிக் கார்டு. தனி மெஷின், தனி நூல். வெளிநாட்டிலிருந்து வருகிற மஞ்சள் லேபிள் நூல். ஒரு கோன் பாதியில் நின்றால் மிச்சத்தை மறுபடி மாட்டக் கூடாது, சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும் என்று அங்கே சட்டம். அந்த மிச்சக் கோன்களைப் பார்த்ததும் எங்களுக்கு வாயெல்லாம் பல். அதற்கு சேஃப்டி நூல் என்று பெயர். சேஃப்டி ஷூ, சேஃப்டி பெல்ட் எல்லாம் எவ்வளவு கெட்டி? பூட்டிப் பூட்டி வைக்கிற இந்த நூலைவிடக் கெட்டியான நூல் வேறு எங்கே கிடைக்கும்?

ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்புவதற்கு முன்னால் பயிற்சி அறையில் உட்கார்ந்து தைத்தோம். முதல் ஸ்ட்ரெச்சர் முடிந்ததும், புது வண்டிக்கு வைக்கிற மாதிரி யாரோ ஒரு மூலையில் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள். நெட்டைக்காரர் வந்து விரித்துப் பார்த்தவர், அந்தச் சிவப்பைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

“பிளட்?”

யாரையோ ஏற்கெனவே இதில் தூக்கியிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் மனுஷர். சாமிக்கு வைப்பது என்று லைன் லீடர் விளக்கினாள். அவர் அதைத் தொட்டு, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். அப்போதும் முகம் தெளியவில்லை. சரியான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிக்கிற சின்னவர் அதே வாரம் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பினார். முதல் ஸ்ட்ரெச்சரை அவர் பையில் வைத்து அனுப்பினோம். நெட்டைக்காரரின் தம்பியிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். கொடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று லைன் லீடரை விட்டு நான் கறாராகச் சொல்லச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். போனார். போட்டோ வரவில்லை.

“பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்” என்றேன்.

“நீங்க ஒரு நாளாச்சும் சொல்லாம இருந்திருக்கீகளாக்கா?” என்றாள் அவள்.

அதற்குள் அறையில் ஸ்ட்ரெச்சர்கள் மடித்து மடித்து அடுக்கு ஏறிவிட்டன. நெட்டைக்காரரே கிளம்பும்போது எல்லாவற்றையும் கொண்டுபோவதாக ஏற்பாடு. எனக்குத் தூக்கம் போய்விட்டது. இத்தனை நல்ல ரெக்ஸின், இத்தனை நாடா. விற்றால் பை தைக்கிறவன் எவனும் கொத்திக்கொண்டு போவான். அவரைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி தோன்றியது. உண்மையிலேயே ஆளைத் தூக்கத்தான் கேட்கிறார் என்றால், ஆளை வைத்துத் தூக்கிக் காட்டட்டும். தட்டிக் கழித்தால் ஆள் டுபாக்கூர்.

“கேன்டீன் படியில என்னிய வச்சு எறக்கிக் காட்டச் சொல்லு” என்றேன். “நம்ம லைன்ல வெயிட்டான ஆளு நான்தான்.”

அவர் தட்டிக் கழிக்கவில்லை. கேட்டதும் தலையை ஆட்டிவிட்டுத் தலைமாட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். கேன்டீன் மாடியில் நான் அதில் படுத்தேன். பெண்கள் இரண்டு பக்கமும் கைப்பிடியைப் பிடித்தார்கள். எல்லாருக்கும் சிரிப்பு. பாடை தூக்குகிற மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி சொல்லி, இன்னொருத்தியிடம் அடி வாங்கினாள். எனக்கு மேலே அவருடைய முகம் தலைகீழாகத் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு இறங்கினார். படி திரும்புகிற இடம் வந்தது. பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

டர்ரென்று ஒரு சத்தம். கால்பக்கத்துக் கைப்பிடிகள் வரிசையாகப் பிய்த்துக்கொண்டு வந்தன. நான் படியில் உட்கார்ந்த வாக்கில் விழுந்து, அடுத்த படிக்கும் உருண்டேன். உயிர் போகிற வலி. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்றே தெரியாமல் திட்டினேன்.

நாடா கிழியவில்லை. ரெக்ஸின் கிழியவில்லை. தையல் மட்டும் பல்வரிசை மாதிரி திறந்துகொண்டிருந்தது. தைத்தவர்கள் எல்லாரும் நல்ல கைக்காரிகள். ஒவ்வொரு தையலையும் நானே பார்த்து விட்டிருந்தேன், ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை. பிய்ந்த துண்டை எடுத்துக்கொண்டு லைன் லீடரோடு நொண்டிக்கொண்டே வலை அறைக்குப் போனேன். அங்கே சூப்பர்வைசர் ஸ்ரீபெரும்புதூர் கோயில் தெருக்காரர், சாந்தமான மனுஷர். நூலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“இதை எதுக்கும்மா எடுத்தீங்க? இது கிழியறதுக்குன்னே பண்ணின நூலாச்சே. ஆக்சிடென்ட் ஆச்சுன்னா காத்துப் பை தையலைப் பிச்சுண்டு வெளில வரணுமே. நூல் கெட்டியா இருந்தா பை உள்ளயே மாட்டிண்டு ஆள் போயிடுவான். அதனாலதான் இத்தனை பூட்டு.”

படிக்கட்டுக்குத் திரும்பி வந்தேன். லைன் லீடர் எனக்கு முன்னாலேயே வந்து நெட்டைக்காரரிடம் சொல்லிவிட்டிருந்தாள். அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் யார் மேலும் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

“மதர்” என்றார். அவ்வளவுதான்.

முதல் ஸ்ட்ரெச்சர் போய்ச் சேர்ந்திருக்கும். அதே நூல். அதே மூன்றாவது மாடி, அதே திருப்பம். ஒரு தடவை விழுந்து இடுப்பு உடைந்த அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி அதில் படுக்க வைத்திருப்பார்கள். இந்தியாவிலிருந்து அண்ணன் அனுப்பியது, பயப்படாதே என்று சொல்லியிருப்பார்கள். அந்த அம்மாவை இரண்டாவது தடவை கீழே போடப்போவது நாங்கள்.

அவர் போன் போட்டுக்கொண்டே இருந்தார். நம்பரைத் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி முதலிலிருந்து போட்டார். அந்தக் கையைப் பார்த்தபோதுதான் அப்படி ஓர் அம்மா இருக்கிறாள் என்று நம்பினேன். அந்த நேரத்தில் அம்மாவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை, அந்த ஆள் ஒரு பிராடு என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் சொன்னவர் காலில் விழுந்திருப்பேன். போன் கிடைக்கவில்லை. தம்பிக்கும் கிடைக்கவில்லை, சின்னவருக்கும் கிடைக்கவில்லை. உபயோகிக்காதே, நூல் சரியில்லை என்று செய்தி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமே இல்லை.

சும்மா உட்கார முடியுமா? அடுக்கி வைத்த எல்லாவற்றையும் பிரித்தோம். ஸ்டோர்ஸில் நூல் கேட்டால் ஹெச்.ஆர். நிபந்தனையைக் காட்டினார்கள். மண்ணூர் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோக்களுக்கு சீட் தைக்கிற கடை ஒன்று உண்டு. அங்கே போய் விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாமா, நெஜமா சொல்றியா, காதுல பூ சுத்துறியா?”

நான் மற்றவர்களைக் கேட்கிற கேள்வி. படியில் விழுந்து நீலம் பூத்திருந்த முழங்கையைக் காட்டினேன். அவர் தடித்த நைலான் நூல் கண்டுகளை எடுத்து வைத்தார். “இத்த அறுக்கணும்னா கத்திதான் வேணும்” என்றார். நான் அங்கேயே அதைப் பல்லில் வைத்து இழுத்துப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

மறுபடி தைத்தோம். இந்தத் தடவை கண்ணால் மட்டும் பார்த்து ஆமாம் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் நானே ஏறிப் படுத்து, தூக்கச் சொல்லி, குலுக்கச் சொன்னேன். இடுப்பு வலி தாங்கவில்லை, ஆனாலும் படுத்தேன். “அக்கா, அவுக அம்மையத் தூக்குததுக்கு முன்ன எங்க இடுப்பு ஒடஞ்சிரும்” என்று லைன் லீடர் மூச்சு வாங்கினாள். மற்ற நேரமாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்போம். அவர் தினமும் மெஷின் வேலை முடித்துவிட்டு அந்த அறை வாசலில் வந்து நிற்பார். நான் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையை இல்லை என்று ஆட்டுவார்.

அப்புறம் ஒரு நாள், லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் மேஜைக்கு வந்தார். லைனில் போன் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்திருந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டு லைன் லீடரைப் பார்த்தார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வந்தாள். தம்பி எழுதியதை அவர் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொல்ல, அவள் தமிழில் சொன்னாள்.

நாங்கள் அனுப்பிய செய்தி தம்பிக்கு அன்றுதான் கிடைத்ததாம். ஸ்ட்ரெச்சர் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மாவிடம் காட்டியிருக்கிறார். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். அந்தச் சிவப்புக் கறை என்ன, யாரையாவது இதில் தூக்கினார்களா என்று கேட்டாளாம். யார் தைத்தது என்று கேட்டாளாம். தெரியாது, இந்தியாவில் யாரோ பெண்கள் என்று மகன் சொல்லியிருக்கிறார்.

“யாருன்னே தெரியாதவ தச்சதுல நான் படுக்கணுமா, மொதல்ல உருளக்கெழங்க எறக்குன்னு சொல்லிட்டாவளாம்க்கா.”

நிலவறையில் குளிர்காலத்துக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கை, மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் மூட்டை மூட்டையாக மாடிக்குச் சுமந்து போய், அம்மாவின் கனத்துக்கு அதில் ஏற்றித் தூக்கியிருக்கிறார்கள். திருப்பத்தில் தையல் விட்டது. உருளைக்கிழங்கு படிப்படியாக உருண்டு கீழே வரைக்கும் போனதாம். மேலேயிருந்து அம்மா, நான் சொன்னேன் பார்த்தாயா என்று சத்தம் போட்டாளாம்.

லைன் லீடர் என்னைப் பார்த்தாள்.

அப்புறம் அம்மாவே மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பைக் கொண்டுவரச் சொல்லி, கட்டிலில் படுத்தபடியே எல்லாக் கைப்பிடியையும் கையால் தைத்திருக்கிறாள். மறுபடி உருளைக்கிழங்கு. தாங்கியது. அதற்குப் பிறகுதான் மனம் இறங்கினாளாம். நெட்டைக்காரர் என் கையிலிருந்த போனில் விரலை வைத்தார். தம்பி அனுப்பிய வீடியோ ஓடியது.

இருட்டுப் படிக்கட்டு, ஒரு டார்ச் வெளிச்சம். கருப்பு ரெக்ஸினில், எங்கள் சீட்டில் ஓடுகிற அதே சாம்பல் கோட்டுக்கு நடுவில், தலையில் துணி கட்டிய பருத்த கிழவி ஒருத்தி. மூலையில் எங்கள் குங்குமம் லேசாகத் தெரிந்தது. எங்கேயோ தூரத்தில் தொம்மென்று ஒரு சத்தம். தூக்குகிறவர்கள் குனிந்தார்கள், டார்ச் ஆடியது. அந்த அம்மா அசையவில்லை. ஒரு கையால் கைப்பிடித் தையலைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சந்தேகம். திருப்பம் வந்தபோதும் அவள் படியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. நிலவறைக் கதவு வரைக்கும் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு இறங்கினாள்.